ஊரைத் திரட்ட ஒரு படிப்பா?

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த விழாவில் நாம் பேசவேண்டிய விஷயம் இன்னதென்று நோட்டீசில் குறிப்பிடவில்லை. "சொற்பொழிவு" என்று மாத்திரம் அச்சடித்திருக்கிறார்கள். ஆதலால் பஸ்ஸில் வரும்போது எதைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டேதான் வந்தோம். ஆனால் இங்கு வந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் தானாக நடந்துவந்து எதிரில் நின்றுவிட்டது. இவ்வூர்த் தோழர் ஒருவர் தம் மகனைக் கையோடு அழைத்துவந்து நிறுத்தி, "ஐயா, இவன் பி.ஏ. முடித்துவிட்டான். எங்கள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்தவன் இவன் ஒருவன்தான். இப்போது மேற்கொண்டு எம்.எஸ்.டபிள்யூ. படிக்கப் போகிறேன் என்கிறான். அது என்னடா என்று கேட்டால், ஜனங்களை ஒன்று சேர்ப்பது எப்படி, அவர்களுக்காக அதிகாரிகளிடம் வாதாடுவது எப்படி என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொடுப்பார்களாம். ஊரைத் திரட்ட ஒரு படிப்பா? நீங்கள் என்ன காலேஜில் படித்துவிட்டா இருபது வருஷமாய் மேடை ஏறுகிறீர்கள்? நீங்களே இவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார்.

அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. நாமும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டோம். அப்புறம் படித்ததெல்லாம் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தபோதும், இதுபோன்ற வாசகசாலைப் பெஞ்சுகளிலும் படித்ததுதான். இரண்டு வருஷத்திற்கு முன் இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தால், "ஆமாம், தண்ணீரில் இறங்காமல் நீச்சல் படிக்க ஒரு காலேஜ், அதற்கு ஒரு பட்டம்" என்று கேலி செய்து, நீங்களும் கைதட்டி, விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இன்று அப்படிச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லாமற் போய்விட்டது. அது எப்படிப் போயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் வந்த இதே பஸ் தடத்தில் ஒரு காலனி இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். அந்தக் காலனி நிறுத்தத்தில் டவுன் பஸ் நிற்பதில்லை, முக்கால் மைல் தள்ளி ஊருக்குள் போய்த்தான் நிற்கிறது என்று அங்குள்ள தோழர்கள் நம்மிடம் முறையிட்டார்கள். நமக்கு உடனே கோபம் வந்தது. இது ஜாதித் திமிர் அல்லாமல் வேறென்ன என்று மூன்று இரவுகள் தொடர்ந்து கூட்டம் போட்டுப் பேசினோம். நல்ல கூட்டம். நல்ல கைதட்டல். கடைசி நாள் நாமே ஒரு மனு எழுதி, நூற்றுச் சில்லறைப் பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த நிறுத்தத்தில் பஸ் நின்றுதான் போகிறது என்றும், அங்கு ஏறிய பிரயாணிகளுக்கு இன்னின்ன தேதிகளில் டிக்கெட் கொடுத்திருக்கிறது என்றும், மனுவில் கண்ட புகார் உண்மையல்ல என்றும் எழுதியிருந்தார்கள். டிக்கெட் கணக்கைக் கொண்டுவந்து முகத்தில் போட்டால் நாம் என்ன செய்வது? நமக்குத் தெரிந்தது பிரசங்கம் ஒன்றுதான். ஆதலால் நான்காவது இரவும் பேசினோம். அன்றைக்குக் கூட்டம் பாதியாகிவிட்டது.

அப்போது அந்தக் காலனிக்குக் களப்பணி என்று சொல்லி ஒரு கல்லூரிப் பெண் வாரத்தில் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தாள். எம்.எஸ்.டபிள்யூ. முதலாம் வருஷம். வயது இருபத்திரண்டு இருக்கும். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஓரமாய் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். இதென்ன படிப்போ, இதென்ன பெண்ணோ என்று நாம் நினைத்ததுண்டு. அவள் செய்த காரியம் ஒன்றே ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கோடு போட்டு, காலனியில் படித்த இரண்டு பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, பதினைந்து நாள் அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதினாள். எத்தனை மணிக்கு பஸ் வந்தது, எத்தனை பேர் நின்றார்கள், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, பஸ் நின்றதா இல்லையா என்பதுதான் கணக்கு. இதேபோல் ஊர் நிறுத்தத்திலும் ஆள் வைத்து எழுதினார்கள்.

கணக்கைப் பார்த்தபோது நமக்கு வாய் அடைத்துவிட்டது. காலனியில் ஆண்பிள்ளை ஒருவன் நின்றால் பஸ் பெரும்பாலும் நிற்கிறது. ஊர் நிறுத்தத்தில் பெண்கள் மாத்திரம் நின்றாலும் நிற்கிறது. காலனியில் பெண்கள் மாத்திரம் நிற்கும்போதுதான் நிற்காமல் போகிறது! 2021-ம் வருஷத்திலிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். காசு கொடுக்காதவளுக்காக பிரேக் போடுவானேன் என்ற எண்ணமும், அவள் காலனிக்காரிதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணமும் இரண்டும் சேர்ந்தல்லவா இந்த வேலையைச் செய்திருக்கின்றன! நாம் ஜாதியைப் பார்த்தோம், அது இருந்தது. ஆனால் அதற்குள் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்ததை நாம் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? நம்மிடம் வந்து முறையிட்டவர்கள் ஆண்கள். மனு எழுதியது ஆண். அந்த மூன்று இரவுக் கூட்டத்திலும் பெண்கள் கடைசியில், இருட்டில் நின்றிருந்தார்கள். காலை வேளையில் எத்தனை பேர் அந்த முக்கால் மைலைத் தினந்தோறும் நடந்துபோய் ஊரில் பஸ் ஏறுகிறார்கள் என்று அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாம் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லுகிறோம். தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, அந்த நிறுத்தம் தடப் பட்டியலில் உண்டா, காலை நடையில் அங்கு பெண்களுக்குக் கொடுத்த கட்டணமில்லா டிக்கெட் மாதத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். நிறுத்தம் பட்டியலில் உண்டு என்றும், டிக்கெட் ஏறக்குறைய இல்லை என்றும் பதில் வந்தது. எந்த டிக்கெட் கணக்கை வைத்து நம்மை மடக்கினார்களோ அதே கணக்கு இப்போது அவர்களை மடக்கியது. பிறகு ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பதினோரு பெண்கள் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். அந்தக் கல்லூரிப் பெண்ணும் போனாள். ஆனால் உள்ளே போகவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நாமும் அங்குதான் உட்கார்ந்திருந்தோம். நமக்கு உள்ளே போய்ப் பேச நாக்குத் துடித்தது. "வேண்டாங்கய்யா, அவங்களே பேசுவாங்க" என்று சொல்லி நம்மை உட்காரவைத்துவிட்டாள். பத்து நாளில் பஸ் நின்றது.

இதில் நாம் இங்கு முக்கியமாய்ச் சொல்லவந்தது பஸ் நின்றதை அல்ல. போவதற்கு முந்தின இரவு பள்ளிக்கூடத் திண்ணையில் நடந்த கூத்துதான். ஒரு கிழவியை நாற்காலியில் உட்காரவைத்து, "நீதான் அதிகாரி, இவர்களை விரட்டு" என்றாள் அந்தப் பெண். கிழவி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஓசியில போறவளுக்கு வீட்டு வாசல்ல பஸ் கேக்குதா?" என்று ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள்! நிஜ அதிகாரி தோற்றான். மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு திகைத்தார்கள், மூன்றாம் தடவை பதில் சொன்னார்கள், ஐந்தாம் தடவை நோட்டைத் திறந்து கணக்கைக் காட்டிப் பதில் சொன்னார்கள். மறுநாள் உள்ளே நிஜமாகவே ஏறக்குறைய அதே கேள்வியை ஒருவர் கேட்டாராம். பெண்கள் அசையவில்லை.

"இதை எங்கே கற்றாய்?" என்று கேட்டோம். "வகுப்பில்தான், ஐயா. 1959-ல் அமெரிக்காவில் நாஷ்வில் என்ற ஊரில் மாணவர்கள் செய்தது" என்றாள். அன்றிலிருந்துதான் நாம் இந்தச் சங்கதியைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் சிலவற்றை உங்களுக்கும் சொல்லவேண்டும்.

நாஷ்வில் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில் டென்னஸி மாகாணத்தின் தலைநகர். அங்கு பெரிய கடைகளில் கறுப்பர்கள் காசு கொடுத்துத் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம். ஆனால் அதே கடைக்குள் இருக்கும் பலகாரக் கடையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. நம் டீக்கடைகளில் இருந்த தனி கிளாஸ் விவகாரம் நமக்குத் தெரியாததா? அங்கு ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பர் ஒருவர் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் மாணவராய் இருந்தார். அவர் ஒரு பாதிரியார். 1953-ம் வருஷத்தில் நம் நாட்டு நாகபுரிக்கு வந்து, மூன்று வருஷம் அங்கு ஒரு கல்லூரியில் இருந்து, காந்தியாரின் சத்தியாக்கிரக முறையைப் படித்துக்கொண்டு போனவர். அவருடைய சாமி நமக்கு வேண்டியதில்லை. காந்தியாரோடு நமக்குள்ள வழக்கும் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனாலும் அந்த மனிதர் செய்த காரியத்தில் சாமிக்கு வேலையே இல்லை. முழுவதும் புத்திக்குத்தான் வேலை.

அவ்வூரின் நான்கு கறுப்பர் கல்லூரிகளிலிருந்து வந்த மாணவர்களை ஒரு சர்ச்சில் கூட்டி, மாதக்கணக்கில் பாடம் நடத்தினார். எப்படிப்பட்ட பாடம்? பாதிப்பேர் நாற்காலியில் உட்காருவார்கள். மீதிப்பேர் ரௌடிகளாய் நடித்து அவர்களை வாயில் வந்தபடி ஏசுவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், கீழே தள்ளுவார்கள். உட்கார்ந்தவர் திருப்பி அடிக்கக்கூடாது. முகம் கோணக்கூடாது. அடி விழும்போது தலையை எப்படிக் காப்பது, பக்கத்தில் இருப்பவரை எப்படிக் காப்பது என்பதெல்லாம் கூடப் பாடம். 1959 கடைசியில் இரண்டு கடைகளுக்குச் சும்மா போய் உட்கார்ந்து, என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று பரீட்சை பார்த்துவிட்டு வந்தார்கள். 1960 பிப்ரவரி 13-ந் தேதி நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். 27-ந் தேதி அடி விழுந்தது. அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்டவர்களில் சுமார் 80 பேரைப் போலீசார் பிடித்துப்போனார்கள். ஒரு வரிசையைப் பிடித்துப்போனதும் அந்த நாற்காலிகளில் அடுத்த வரிசை வந்து உட்கார்ந்தது! அபராதம் கட்டமாட்டோம், ஜெயிலுக்குப் போகிறோம் என்றார்கள். ஊரிலுள்ள கறுப்பர்கள் எல்லாம் அந்தக் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். கல்லாப்பெட்டி காலியாகத் தொடங்கியபின்தான் கடைக்காரர்களுக்கு நியாயம் இன்னதென்று புரிய ஆரம்பித்தது.

ஏப்ரல் 19-ந் தேதி மாணவர்களுக்காக வழக்காடிய வக்கீலின் வீட்டில் வெடி வைத்தார்கள். அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் வாய் பேசாமல் நகரசபைக்கு நடந்தார்கள். படிக்கட்டில் நின்ற மேயரை டயான் நாஷ் என்ற மாணவி, ஒருவரை நிறத்துக்காக மாத்திரம் ஒதுக்கிவைப்பது சரியென்று உங்களுக்குப் படுகிறதா என்று நேராய்க் கேட்டார். மேயர் எல்லோருக்கும் எதிரில் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். மே 10-ந் தேதி ஆறு கடைகள் கறுப்பர்களுக்குச் சாப்பாடு போட்டன. தோழர்களே! அந்தப் பெண் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். "ஆம்" அல்லது "இல்லை" என்று மாத்திரம் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நாமாயிருந்தால் அந்தப் படிக்கட்டில் நின்று ஒரு மணி நேரம் மேயரைத் திட்டியிருப்போம். மேயரும் நல்ல பிழைப்பு என்று கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்.

நிற்க. இவ்வளவையும் சொல்லிக்கொடுத்த லாசனை அவர் படித்த சர்வகலாசாலை என்ன செய்தது? 1960 மார்ச்சில் வெளியே தள்ளியது. அவர் பாஸ்டன் போய்ப் படிப்பை முடிக்கவேண்டியதாயிற்று. 46 வருஷம் கழித்து, 2006-ல், அதே சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராய் அழைத்து உட்காரவைத்துக்கொண்டது. 2024-ல் தமது 95-வது வயதில் அவர் காலமானார். ஆகவே கல்லூரிகளின் யோக்கியதை இதுதான். ஒரு காரியம் நடந்து முடிந்து, ஆபத்து நீங்கி, செய்தவருக்கு மாலை போடும் காலம் வந்தபிறகுதான் அதைப் பாடமாக்குவார்கள். தகப்பனார் தோழருக்கு நாம் இதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் மகன் இந்தப் படிப்பை நன்றாகப் படித்து, அதில் சொல்லியபடியே நடக்க ஆரம்பித்தால், படிப்புச் சொல்லிக்கொடுத்தவர்களே ஒருநாள் "இதெல்லாம் இங்கே வேண்டாம்" என்று சொல்லக்கூடும்.

அதற்காகக் கல்லூரியே கூடாது என்று சொல்லிவிடலாமா? அலபாமா மாகாணத்தில் மான்ட்கமரி என்று ஒரு ஊர். 1955 டிசம்பர் 1-ந் தேதி பஸ்ஸில் வெள்ளையனுக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைக் கைது செய்தார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் அன்றிரவு நடந்தது பலருக்குத் தெரியாது. அவ்வூர்க் கறுப்பர் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஜோ ஆன் ராபின்சன் என்ற அம்மையார், இரண்டு மாணவர்களையும் ஒரு சக ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போய், அங்கிருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் விடியவிடியப் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்கள் அடித்தார். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள் என்பதுதான் அதிலிருந்த செய்தி. காலையில் வகுப்பையும் நடத்திவிட்டு, ஊர் முழுக்கக் கட்டுக்கட்டாய்க் கொடுத்தனுப்பினார். திங்கட்கிழமை பஸ்கள் காலியாய் ஓடின. அப்புறம் 381 நாள் ஓடின. சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் ஏறினார்கள்.

அந்த ஒரு ராத்திரியில் இதெல்லாம் எப்படி முடிந்தது? 1949-லேயே அந்த அம்மையாரை ஒரு டிரைவர் வெள்ளையர் இடத்தில் உட்கார்ந்ததற்காகக் கத்தி இறக்கிவிட்டான். அன்றுமுதல் அவரும் அவரைச் சேர்ந்த பெண்கள் சங்கமும் இதே கவலையாய் இருந்தார்கள். 1954 மே மாதத்திலேயே, இப்படியே போனால் ஜனங்கள் பஸ் ஏறமாட்டார்கள் என்று மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். எந்தத் தெருவில் யாரிடம் நோட்டீஸ் கொடுத்தால் அது வீடு வீடாய்ப் போய்ச் சேரும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த நமக்கு அந்த மெஷின் சத்தம் காதில் கேட்கிறது. கல்லூரியில் மெஷின் இருந்தது, காகிதம் இருந்தது, சாவி வைத்திருந்த ஆசிரியர் இருந்தார். இவை இல்லாமல் அந்த இரவில் என்ன செய்திருக்க முடியும்? இதற்கு அவர் கொடுத்த விலை என்னவென்றால், 1960-ல் சர்க்காரின் நெருக்கடி தாங்காமல் அந்தக் கல்லூரி வேலையை விட்டுப் போகவேண்டிவந்ததுதான்.

இந்தப் படிப்பு கல்லூரிக்குள் வந்த கதையையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். சிக்காகோவில் 1889-ல் ஜேன் ஆடம்ஸ் என்ற அம்மையார் ஏழைகள் குடியிருந்த தெருவிலேயே ஒரு வீடு எடுத்துத் தங்கினார். தெருவில் குப்பை நாறியது. குழந்தைகள் செத்தன. விதி என்று இருந்துவிடாமல், எந்தச் சந்தில் எத்தனை நாளாய்க் குப்பை எடுக்கவில்லை என்று பெண்களைக் கொண்டு கணக்கு எடுத்தார். 1895-ல் அந்த வார்டுக்கு அவரையே குப்பை இன்ஸ்பெக்டராய்ப் போட்டார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டியின் பின்னால் போவார். பிற்பாடு 1931-ல் நோபல் பரிசு பெற்ற அம்மையார்தான் இவர்! இப்படிப்பட்டவர்களின் அனுபவத்திலிருந்துதான் பாடம் பிறந்தது. நம் நாட்டில் 1936-ல் பம்பாயிலும், 1952-ல் சென்னையிலும் இதற்கென்று கல்லூரிகள் ஏற்பட்டன. இப்போது பல ஊர்களில் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, இனிச் சொல்லப்போவதை அந்தப் பையன் நன்றாய்க் கேட்கவேண்டும். நாம் கோர்ட்டில் வழக்காடப் போனால் வக்கீலுக்கு வக்காலத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். அது இல்லாமல் எவ்வளவு பெரிய வக்கீலும் நமக்காக வாய் திறக்க முடியாது. பிடிக்காவிட்டால் அதை மாற்றி வேறு வக்கீலை வைத்துக்கொள்ளவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஊருக்காகப் பேசுகிறோம், ஏழைகளுக்காகப் பேசுகிறோம், பெண்களுக்காகப் பேசுகிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டது யார்? அந்தக் காலனிப் பெண்களுக்காக மூன்று இரவு முழங்கினோமே, நமக்கு யார் கொடுத்தார்கள்? நாமே எடுத்துக்கொண்டோம். நாமே எடுத்துக்கொண்டதால்தான் கட்சிக்காரிக்கு என்ன வழக்கு என்றுகூடத் தெரியாமல் வாதாடித் தோற்றோம். இந்தக் குற்றம் படிக்காத நமக்கே இப்படி வந்ததென்றால், பட்டம் வாங்கியவருக்கு எவ்வளவு சுலபமாய் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அவரிடம் ஆங்கிலம் இருக்கிறது, ஆபீசில் நாற்காலி போடுகிறார்கள், அறிக்கை எழுதத் தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு திட்டம் என்று பணம் வருகிறது. பணம் கொடுத்தவனுக்கு எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு அனுப்பவேண்டும். போட்டோ அனுப்பவேண்டும். திட்டம் முடிந்ததும் அவர் வேறு ஜில்லாவுக்குப் போய்விடுகிறார். ஜனங்கள் போட்டோவில் இருக்கிறார்கள். இதையும் நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஒன்றிரண்டு இடத்தில் அல்ல.

இதற்கு மருந்து என்னவென்பதையும் அந்தக் கறுப்பர்களிடமே பார்த்தோம். தென் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஒரு தீவு. அங்கு எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்று வைத்துக் கறுப்பர்களை ஒதுக்கியிருந்தார்கள். 1957 ஜனவரியில் அங்கே பெரியவர்களுக்கு ஒரு இராப்பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதை ஏற்படுத்திய செப்டிமா கிளார்க் அம்மையார் பல வருஷம் ஆசிரியையாய் இருந்து, கறுப்பர் சங்கத்தில் அங்கத்தினர் என்பதற்காக 1956-ல் வேலையை இழந்தவர். அப்படிப்பட்டவர் பாடம் சொல்ல யாரைத் தேர்ந்தெடுத்தார்? பட்டம் பெற்ற ஆசிரியரை அல்ல. பெண்களுக்குத் தலைமயிர் அலங்காரம் செய்து பிழைத்துவந்த பெர்னீஸ் ராபின்சன் என்பவரை! வாத்தியார் மிடுக்கு இல்லாதவராய் இருக்கவேண்டும் என்பதுதான் காரணம். முதல் இரவு 14 பேர் வந்தார்கள். அவர் குழந்தைகளின் பாடப் புஸ்தகம் கொண்டுபோயிருந்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மூடி வைத்துவிட்டு, நான் டீச்சர் அல்ல, நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மணியார்டர் பாரம் பூர்த்தி செய்ய வேண்டும், பிள்ளைகள் எழுதும் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்து தொடங்கினார். அந்தப் பள்ளிக்கூடம் பிறகு தென் மாகாணங்கள் முழுவதும் பரவி ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஓட்டு வாங்கிக்கொடுத்தது.

ஆகவே தகப்பனார் தோழருக்கு நம் பதில் இதுதான். பையன் படிக்கட்டும். ஆனால் அதில் சேர்ந்தால் கலெக்டர் உத்தியோகம் கிடைக்காது. ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, குழந்தைகள் காப்பகம், தொண்டு ஸ்தாபனம் இப்படித்தான் வேலை இருக்கும். சம்பளம் முதலில் சொற்பம். ஊரைத் திரட்டும் பிரிவை எடுத்தால் இன்னும் சொற்பம். பெரும்பாலான பிள்ளைகள் தொழிற்சாலை நிர்வாகப் பிரிவுக்குப் போய்விடுவதற்குக் காரணம் அதுதான். அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம், வீட்டில் கடன் இருக்கிறவனுக்குத்தான் அது தெரியும். எதை எடுப்பது என்பதை அவனே இரண்டாம் வருஷத்தில் முடிவு செய்யட்டும். உங்கள் கடன் எவ்வளவு என்பதை இன்றைக்கே அவனிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பையனுக்கும் ஒன்று கேட்கவேண்டும். கல்லூரியில் சேர அப்ளிகேஷன் போட இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்றாய். இந்த வாசகசாலையில் பத்து வருஷமாய் ஒரு பெண்பிள்ளைகூட வந்து உட்கார்ந்து பேப்பர் படித்ததில்லை என்று செயலாளர் தோழர் நம்மிடம் சொன்னார். "அவங்களுக்கு இஷ்டமில்லை" என்றும் சொன்னார். அவருக்கு அப்படிச் சொல்ல வக்காலத்து யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. செயலாளர் கோபித்துக்கொள்ளக்கூடாது. தம்பி, நீ ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு, உன் தங்கையையும் சேர்த்துக்கொண்டு, இந்தத் தெருவில் நாற்பது வீட்டுக்குப் போய் ஏன் வருவதில்லை என்று கேட்டு எழுது. பதில் எதுவும் நீ சொல்லிக்கொடுக்காதே. எழுத மாத்திரம் எழுது. பதினெட்டாம் நாள் அந்த நோட்டை உன் தகப்பனாரிடம் காட்டு. நமக்கும் ஒரு பிரதி அனுப்பு.

தலைவர் மணியைப் பார்க்கிறார். கடைசி பஸ் 9-20-க்கு. அந்தக் காலனி வழியாகத்தான் போகவேண்டும். அங்கே இரவு வேலை முடிந்து இறங்குகிற பெண்கள் இப்போதும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு, பஸ் நின்றதா இல்லையா என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இருபத்தேழாவது நோட்டு ஓடுகிறதாம்.